யூனிகார்ன் 150: பழைய ஓனர் மாட்டுன ரிமோட் அலாரத்தை முழுசா எடுக்கணும்

ரஸ்தா ரைடர், காரைக்குடி

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ஹோண்டா யூனிகார்ன் 150, 2013 மாடல், கார்புரேட்டர், செல்ஃப் உண்டு. தேவகோட்டையில செகண்ட் ஹேண்டா வாங்குனது, ஆர்.சி. என் பேருக்கு மாறியாச்சு. முந்தின ஓனர் வெளிக்கடையில ஒரு ரிமோட் அலாரம் மாட்டியிருக்காரு. பெட்டி மேல கம்பெனி பேரு, நம்பர் எதுவும் இல்ல. ரிமோட் ஒண்ணுதான் கைக்கு வந்துச்சு, அதுவும் வேலை செய்யல.

நாலு நாள் நிறுத்தி வச்சா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. வீட்டு வாசல்ல மணல் லாரி போனாப் போதும், அலறுது. இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு எஞ்சின் ஆஃப் ஆகுது, ரெண்டு நிமிஷம் ஓரமா நின்னா தானாவே சரியாகுது. அதுதான் பயமா இருக்கு.

கடையில கேட்டா ஒயரிங் கிட்டையே மாத்தணும்ங்கிறாக. நிஜமாவே மாத்தணுமா, இல்ல நானே கழட்டலாமா? மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஸ்பேனர் செட் இருக்கு. பேட்டரி மேல 12 வோல்ட் 7 ஏஎச்னு (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளுற அளவு) போட்டிருக்கு.

பன்னிரண்டு வோல்ட், புதுவயல்

ஒயரிங் கிட் மாத்தத் தேவையில்ல தம்பி. பெட்டியைக் கழட்டுறது அஞ்சு நிமிஷ வேலை. அதை மாட்டுனவர் வண்டி ஒயரை எந்த இடத்துல வெட்டுனாருன்னு கண்டுபிடிச்சு, வெட்டுனதைத் திரும்பச் சேர்க்குறதுலதான் மத்த நேரமெல்லாம் போகும். பெட்டியைப் பிடுங்கிட்டு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு கடைக்குத் தள்ளிக்கிட்டு வர்றவங்க எல்லாரும் இந்த ரெண்டாவது பாதியை விட்டவங்கதான்.

ஒரு அலாரம் எஞ்சினை ரெண்டு விதமா நிறுத்தும். ஒண்ணு, சாவியிலிருந்து சிடிஐக்கு (ஸ்பார்க் குடுக்குற பெட்டி) போற ஒயரை நடுவுல வெட்டி, ரெண்டு முனையையும் அலாரப் பெட்டிக்குள்ள இருக்குற ரிலேக்கு (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) கொண்டு போயிருப்பாங்க. ரிலே திறந்தா கரண்ட் நிக்கும், எஞ்சின் ஆஃப். இன்னொண்ணு, பழைய ஏசி சிடிஐ வண்டிகள்ல எஞ்சினை நிறுத்துற ஒயரை எதையும் வெட்டாம பக்கத்துல இருந்து தொட்டு எர்த் பண்ணுவாங்க. முதல் வகையில பெட்டியைப் பிடுங்குனா வண்டி செத்துரும். ரெண்டாவது வகையில பிடுங்குனா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஓட்டத்துல ஆஃப் ஆகி, ஆறுனதும் சரியாகுதுன்னா பெரும்பாலும் முதல் வகைதான். முறுக்கி டேப் சுத்துன ஒட்டுலயோ ரிலே காண்டாக்ட்லயோ பிடிப்பு போயிருக்கும். பிடிப்பு இல்லாத இடத்துல தடை கூடும், சூடாகும், சூட்டுல விரிஞ்சு விட்டுரும், ஆறுனதும் திரும்பத் தொடும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ரிமோட்டைத் திறந்து பாருங்க. பாதி ரிமோட்டுல சின்ன விரல் அளவு 12 வோல்ட் செல் (27ஏ இல்லன்னா 23ஏன்னு எழுதியிருக்கும்), மீதியில 2032 பொத்தான் செல் இருக்கும். புதுசு போட்டு அன்லாக் ஆச்சுன்னா, அலாரம் அமைதியா இருக்கும்போதே வேலை பார்க்கலாம். ஆகலன்னாலும் பரவாயில்ல.

சீட்டையும் ரெண்டு சைடு பேனலையும் எடுங்க. டேங்கையும் எடுக்க வேண்டி வரும்: பெட்ரோல் காக்கை மூடி, ட்யூபை உருவி, டேங்குக்கு அடியில இருக்குற ஃப்யூல் கேஜ் கப்ளரை (ஒயர்களைச் சேர்க்குற பிளக்) கழட்டிட்டுத் தூக்குங்க. கப்ளரை மறந்துட்டு இழுத்தா அந்த ஒயர் அறுந்துரும். சைரன் ஒளிஞ்சிருக்காது, கறுப்புக் கூம்பு மாதிரி கண்ணுல படும். அதுல இருந்து ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனா பெட்டி வந்துரும். முதல்ல சைரன் பிளக்கைக் கழட்டுங்க. சில சைரன்ல உள்ளேயே குட்டி பேட்டரியும் பக்கத்துல ஒரு சின்னச் சாவித் துவாரமும் இருக்கும். அது இருந்தா மெயின் பேட்டரியைக் கழட்டுன உடனே தெருவே கூடிரும்.

அடுத்தது லீக்கேஜ் அளவு, அதாவது சாவி ஆஃப்ல இருக்கும்போதும் பேட்டரியில இருந்து போற கரண்ட். சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டுங்க, மீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல பிடிங்க. ரொம்பக் குறைவா காட்டுனா மட்டும் 200 மில்லி ஆம்பியருக்கு மாறுங்க. சைரனை முன்னாடியே கழட்டச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் திரும்பக் குடுத்த உடனே பெட்டி கத்த ஆரம்பிச்சா ஆம்பியர் கணக்குல இழுத்து மீட்டர் ஃப்யூஸ் போயிரும். மீட்டர் நடுவுல இருக்கும்போது சாவியைத் திருப்பாதீங்க, செல்ஃபைத் தொடவே தொடாதீங்க.

அப்புறம் கேபிளைத் திரும்ப மாட்டி, பெட்டியோட பெரிய கப்ளரை உருவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஆச்சுன்னா எதுவும் வெட்டப்படல. ஆகலன்னா வெட்டு இருக்கு. என்ன வந்துச்சுன்னு இங்க போடுங்க, மேற்கொண்டு சொல்றேன். அதுவரை கட்டிங் பிளையரைக் கையில எடுக்க வேண்டாம்.

சும்மா இருப்போம், கோட்டையூர்

ஏன்ணே இவ்வளவு? கப்ளர்ல அந்த ரிலே ஒயர் ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சுவிட்டா வேலை முடிஞ்சது. பெட்டியை எடுத்துத் தூரப் போடலாம். அரை மணி நேர வேலையை ஏன் அரை நாள் ஆக்கணும்?

ஈயப்பொட்டு, பள்ளத்தூர்

இணைச்சா ஓடும், அதுல சந்தேகம் இல்ல. நாளைக்குக் காலையில மதுரை போகணும், இன்னிக்கு ராத்திரி வண்டி நின்னுபோச்சுன்னா நானும் அதைத்தான் செய்யச் சொல்லுவேன். ஆனா தம்பிக்கு வண்டி நிக்கிறதுக்குக் காரணமே அந்த ஒட்டுங்கதான். கப்ளர்ல இணைச்சா முறுக்குன ஒட்டு ரெண்டும் டேங்குக்கு அடியில அப்படியே இருக்கும், போதாததுக்கு நீங்க போடுற துண்டு ஒயர் மூணாவது ஒட்டு. பேட்டரியில இருந்து பெட்டிக்கு வர்ற சிவப்பு ஒயரும் உயிரோட தொங்கும். அதுல ஃப்யூஸ் போடாம நேரா டெர்மினல்ல மாட்டியிருந்தா, தோல் உரிஞ்சு ஃபிரேமைத் தொட்ட அன்னிக்கு ஒயரிங் கிட் நிஜமாவே மாத்த வேண்டியதுதான்.

தற்காலிகமா இணைக்கிறவங்களும் அந்தத் துண்டு ஒயர்ல ஒரு 10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் வச்சுக்கிருங்க. தப்பான ரெண்டை இணைச்சுட்டா ஃப்யூஸோட போயிரும்.

ரஸ்தா ரைடர்

அளந்துட்டேண்ணே. ரிமோட்டுல புது செல் போட்டும் பிரயோஜனம் இல்ல.

சைரன் கழட்டி, பெட்டி மாட்டியிருக்கும்போது லீக்கேஜ் 18 மில்லி ஆம்பியர். கப்ளரை உருவிட்டா 0.2. கப்ளர் இல்லாம சாவி போட்டா எதுவுமே எரியல. நியூட்ரல் லைட், ஹாரன், இண்டிகேட்டர் ஒண்ணும் இல்ல, ஸ்டார்ட்டும் ஆகல.

கப்ளர்ல எட்டு ஒயர். தடிமனா ரெண்டு, மீதி எல்லாம் மெல்லிசு. மெல்லிசுல சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, மஞ்சள் ரெண்டு, மீதி ஆரஞ்சு, ஊதா. தடிமன் ரெண்டும் டேங்குக்கு அடியில போய் ஒரு பெரிய டேப் உருண்டைக்குள்ள போகுது. உருண்டைக்கு அந்தப் பக்கம் ரெண்டு முனையும் வண்டியோட கறுப்பு ஒயர்.

பேட்டரி ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு காலையில 12.1 வோல்ட்.

பன்னிரண்டு வோல்ட்

அழகா அளந்திருக்கீங்க. சாவி போட்டும் ஒண்ணுமே எரியலன்னா, வெட்டு சிடிஐ பக்கத்துல இல்ல. சாவி சுவிட்சை விட்டு வெளிய வர்ற மெயின் ஒயரையே வெட்டியிருக்காங்க. வண்டியோட மொத்தக் கரண்டும் அந்த ரிலே வழியாத்தான் போய்க்கிட்டிருக்கு. சூடாகுறதுல ஆச்சரியம் இல்ல.

இங்கதான் ஒரு குழி இருக்கு, பார்த்து இறங்குங்க. ஹோண்டாவுல (பழைய ஹீரோ ஹோண்டாவுலயும்) பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டா 12 வோல்ட் வர்ற ஒயர். இந்த அலாரப் பெட்டிகள்ல வழக்கமா கறுப்புதான் எர்த். கறுப்போட கறுப்பைச் சேர்த்துட்டீங்கன்னா நேரா ஷார்ட். பச்சை மேல மஞ்சள் மேலன்னு நிறம் பார்த்து வேலை செய்யாதீங்க, மீட்டர் என்ன சொல்லுதோ அதை வைங்க. வண்டிப் பக்கத்து நிறங்களை அடையாளத்துக்கு மட்டும் வச்சுக்கலாம்: சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி, பச்சை எர்த், ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், வெளிர்நீலம் வலது, சாம்பல் ஃப்ளாஷருக்கு (இண்டிகேட்டரை மின்ன வைக்கிற ரிலே) போறது. அலாரப் பக்கத்து நிறத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

உருண்டையைப் பிரிக்கும்போது நெகட்டிவ் கேபிள் கழண்டிருக்கணும். பிரிச்சு ரெண்டு கறுப்பு முனையையும் ஒண்ணையொண்ணு தொடாம தள்ளி வச்சுட்டு, கேபிளை மாட்டி சாவி போடுங்க. ஒரு முனையில 12 வோல்ட் வரணும், இன்னொண்ணுல சைபர். சாவி ஆஃப் பண்ணா முதல் முனையும் சைபர் ஆகணும். அப்படி இருந்தா அந்த ரெண்டும் ஒரே ஒயரோட ரெண்டு பாதி. ஃப்யூஸ் வச்ச துண்டு ஒயரால இணைச்சு, லைட், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் எல்லாம் சோதிச்சுட்டு அப்புறம் நிரந்தரமா ஒட்டுங்க. ரெண்டு முனையிலயும் 12 வந்தா நிறுத்திருங்க, நீங்க பிடிச்சது வேற ஜோடி.

மெல்லிசு ஒயர் எதுவும் வெட்டு இல்ல, எல்லாம் பக்கத்துல தொடுத்தது. ஒவ்வொண்ணையும் அது தொடுத்திருக்குற இடம் வரைக்கும் போய் அங்கதான் எடுக்கணும். நடுவுல வெட்டி வால் விடக்கூடாது. சிவப்பு பேட்டரி பாசிட்டிவ்ல முடியும். ரெண்டு மஞ்சள் இண்டிகேட்டருக்குப் போகும். ஊதா செல்ஃப் ரிலே பக்கம் போகுதான்னு பாருங்க, அது ரிமோட் ஸ்டார்ட்டுக்கு. அந்த ஒயரை மட்டும் ஒரு நொடி கூட மொட்டையா விடாதீங்க. வண்டியோட அமைப்பைப் பொறுத்து, ஃபிரேமைத் தொட்டா ஒண்ணு ஃப்யூஸ் போகும், இல்லன்னா கியர்ல நிக்கிற வண்டி தானா செல்ஃப் சுத்தும்.

பேட்டரி விஷயத்துக்கு வர்றேன். 18 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 0.43 ஏஎச். நாலு நாளைக்கு 1.7. நல்ல 7 ஏஎச் பேட்டரி அதுக்கெல்லாம் செல்ஃப் எடுக்காமப் போகாது, ஒரு வாரத்துக்கு மேல தாங்கணும். அதனால உங்க பேட்டரியும் பாதி போயிருச்சுன்னு நினைக்கிறேன்.

ஈயப்பொட்டு

கணக்குல லாரியை விட்டுட்டீங்களேண்ணே. ஒரு தடவை கத்துனா நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும். பல்பு 10 வாட்டுன்னா நாலுக்கு 40 வாட், 3.3 ஆம்பியர். பாதி நேரம்தான் எரியும்னு வச்சா சராசரி 1.6, சைரனுக்கு ஒரு ஆம்பியர் போடுங்க. அரை நிமிஷம் கத்துனா 0.02 ஏஎச். மணல் லாரி ஓடுற ரோட்டுல ஒரு நாளைக்கு இருபது தடவை கத்தாதா? அதுல ஒரு 0.4 போச்சு. ரெண்டும் சேர்ந்தா நாலு நாள்ல 3.3 ஏஎச், பாதி பேட்டரி காலி. பேட்டரியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாய்ப்பு குடுங்க.

0.7 ஆம்பியர்ல பத்துப் பன்னெண்டு மணி நேரம் சார்ஜ் போட்டு, ராத்திரி முழுக்கச் சும்மா வச்சுட்டு அளங்க. 12.6க்கு மேல நிக்கணும். அப்புறம் மாட்டி, செல்ஃப் அமுக்கும்போது மீட்டரைப் பாருங்க. 9.6க்குக் கீழ போனா புதுசு வாங்கிருங்க. பாதி காலியான நிலையில வாரக்கணக்குல கிடந்த லெட் பேட்டரித் தகட்டுல சல்பேட் இறுகிப்போயிருக்கும், அது எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாத் திரும்பாது. 1953லேயே சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) திறந்து பேட்டரி ஆராய்ச்சி நடக்குற ஊர்ல, பேட்டரியைப் பட்டினி போட்டுக் கொல்றதுலயும் நம்ம ஆளுகளை அடிச்சுக்க முடியாது.

இனி ஒட்டு. இதை நிதானமா படிங்க.

டேப் உருண்டையைப் பிரிச்சா பசை கையெல்லாம் ஒட்டும். டேங்குக்கு அடியில எஞ்சின் சூடும் வைகாசி வெயிலும் சேர்ந்து சாதா டேப் பசையை உருக்கிரும், டேப் தானா வழுக்கி ஒட்டு வெளிய தெரியும். அந்தப் பிசுக்கை, அயர்னைச் சூடாக்குறதுக்கு முன்னாடியே, துணியில கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுக் காயவிடுங்க, அதுவும் தீப்பிடிக்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டேங்கையும் அயர்ன் வைக்கிற இடத்துல இருந்து நல்லா தள்ளி, முடிஞ்சா வேற அறையில வைங்க.

ஒயர் முனையைச் சீவிப் பாருங்க. செம்பு பளபளன்னு இருக்கணும். கறுத்தோ பச்சைக் களிம்பு பிடிச்சோ இருந்தா ஈயம் ஒட்டாது, எவ்வளவு உரசுனாலும் ஒட்டாது. ஒரு ஒரு சென்டிமீட்டரா வெட்டிக்கிட்டே உள்ள போங்க, நல்ல செம்பு வர்ற வரைக்கும். அப்ப ஒயர் நீளம் பத்தாமப் போகும். இழுத்துக் கட்டாதீங்க. ஹேண்டில் பக்கம் போற ஒயர்னா திருப்புற ஒவ்வொரு தடவையும் இழுபடும். 5 சென்டிமீட்டர் துண்டு சேருங்க. தடிமன் பழைய ஒயருக்குக் குறையக்கூடாது. மெயின் ஒயருக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர், கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லதுதான். வீட்டு ஒயரிங் பண்ற ஒத்தைக் கம்பி ஒயர் கூடாது, ஆடுற வண்டியில அது உடையும்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டுனா சுருங்கி ஒட்டை மூடுற குழாய்) ஒட்டுறதுக்கு முன்னாடியே ஒயர்ல கோத்துத் தள்ளி வைங்க. சிரிக்காதீங்க, ஈயம் வச்சு முடிச்ச பிறகுதான் எல்லாருக்கும் ஸ்லீவ் ஞாபகம் வரும். 4 எம்எம் ஸ்லீவ், 4 சென்டிமீட்டர் நீளம், உள்ள பசை உள்ளதா கேட்டு வாங்குங்க. ரெண்டு முனையையும் 15 எம்எம் சீவி, நேருக்கு நேரா வச்சு ஒண்ணு மேல ஒண்ணு சுத்துங்க. பன்றி வால் மாதிரி ஒரே பக்கம் சேர்த்து முறுக்குனா அது புடைச்சுக்கிட்டு நிக்கும், ஸ்லீவ் ஏறாது. 25 வாட் அயர்ன் இதுக்குப் போதும், ஆனா முனையைப் படுக்கையா வச்சு ஒயரைச் சூடாக்குங்க. ஈயத்தை அயர்ன்ல வைக்காம ஒயர்ல வைங்க. ஒயர் தானா உறிஞ்சணும். மேல முத்து மாதிரி உருண்டு நின்னா அது ஒட்டு இல்ல, பொட்டு. ரெசின் உள்ள 60/40 ஈயக் கம்பி வாங்குங்க. தகரம் ஒட்டுற ஆசிட் ஃப்ளக்ஸை ஒயர்ல தடவுனா ஆறே மாசத்துல செம்பைத் தின்னுரும்.

ஈயம் உறிஞ்சுன இடம் கம்பி மாதிரி விறைச்சுப் போகும். அந்த விறைப்பு முடியுற எல்லையிலதான் அதிர்வுல ஒயர் உடையும். அதனால ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் தள்ளி ஒயர் கட்டோட சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்குங்க, ஒட்டு தனியா ஆடக்கூடாது. ஈயம் பிடிக்காதவங்க நல்ல கிரிம்ப் ஸ்லீவும் (ஒயர் மேல அழுத்திப் பிடிக்க வைக்கிற உலோகக் குழாய்) சரியான கிரிம்பிங் டூலும் வச்சா அதுவும் சரியே. கட்டிங் பிளையரால நசுக்குறது கிரிம்ப் ஆகாது.

பக்கத்துல தொடுத்த மெல்லிசு ஒயருக்கு வேற வழி. அலாரம் ஒயரைச் சுத்துன திசைக்கு எதிரா பிரிச்சு எடுங்க. வண்டி ஒயர்ல தோல் உரிஞ்ச இடம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். உள்ள இழைகள்ல கால்வாசிக்கு மேல அறுந்திருந்தா அந்த இடத்தை வெட்டிப் புதுசா ஒட்டணும். இழை முழுசா இருந்தா வெட்டாதீங்க. தானே தன்மேல ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துப் பிடிச்சு மூணு சுத்து, அதுக்கு மேல பிவிசி டேப் ரெண்டு சுத்து, போதும்.

ரெண்டு மூணு ஒட்டு பக்கம் பக்கமா வந்தா ஒரே இடத்துல வராம ஒண்ணுக்கொண்ணு 3 சென்டிமீட்டர் முன்ன பின்ன தள்ளி வைங்க.

வாய்க்கா தெரு, கண்டனூர்

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுல இருக்குறது பழைய ஸ்ப்ளெண்டர். அதுலயும் இதே மாதிரி அலாரம். இதே முறையா?

பன்னிரண்டு வோல்ட்

பழைய ஏசி சிடிஐ ஸ்ப்ளெண்டர்னா வேற. அதுல ஸ்பார்க்குக்குப் பேட்டரி தேவையே இல்ல. மேக்னட் காயில்ல இருந்து நேரா சிடிஐக்குப் போகும். நிறுத்தணும்னா கறுப்பு-வெள்ளை ஒயரை எர்த் பண்ணணும், சாவி ஆஃப்ல நடக்குறதும் அதுதான். அலாரம் அந்த ஒயரைத்தான் தொட்டிருக்கும். அங்க போய் எடுத்துட்டு மூடிட்டாப் போதும், எதையும் சேர்க்க வேண்டியதில்ல. தப்பித் தவறி அலாரம் ஒயரோட மொட்டை வால் ஃபிரேமைத் தொட்டுக்கிட்டே இருந்தா எவ்வளவு உதைச்சாலும் ஸ்பார்க் வராது. ஆளுக பிளக்கை மாத்தி, காயிலை மாத்தி, கடைசியில அங்க வந்து நிப்பாங்க.

எஞ்சின் ஓடும்போது அந்த ஒயரைக் கையால தொடாதீங்க. அதுல வர்றது 12 வோல்ட் இல்ல, நூறு வோல்ட்டுக்கு மேல.

பின்னாடி வந்த கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர் பலதும் டிசி சிடிஐ, அதாவது பேட்டரி கரண்ட்ல ஸ்பார்க் குடுக்குறது. அதுக்கு மேல சொன்ன முறைதான். பெட்டியை உருவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, எந்த வகைன்னு வண்டியே சொல்லிரும்.

ரஸ்தா ரைடர்

கழட்டியாச்சுண்ணே. மெயின் கறுப்பு ஒயர்ல ரெண்டு சென்டிமீட்டர் வெட்டுன பிறகுதான் நல்ல செம்பு வந்துச்சு. துண்டு சேர்த்து ரெண்டு ஒட்டு. சிவப்பு ஒயர் நேரா பேட்டரியிலதான் இருந்துச்சு, ஃப்யூஸ் கிடையாது. ஊதா ஒயர் எங்கயும் போகல, சும்மா மடிச்சு டேப் சுத்தி வச்சிருந்தாரு.

வண்டி ஓடுது, ஆஃப் ஆகல. ஆனா இண்டிகேட்டர் இடது போட்டா நாலும் மின்னுது, வலது போட்டாலும் நாலும். வேகம் வேற கூடிப்போச்சு. பெட்டி இருந்தப்ப இப்படி இல்ல. மஞ்சள் ஒயர் ரெண்டையும் பாதியில வெட்டி டேப் சுத்தியிருக்கேன், அது தொடுத்த இடம் ஹெட்லைட்டுக்குள்ள இருக்கும்போல, அங்க போகல.

ஈயப்பொட்டு

ரெண்டையும் சேர்த்து ஒரே டேப்பா சுத்தியிருக்கீங்க, அதான். ஒரு மஞ்சள் இடது லைன்ல இருக்கு, இன்னொண்ணு வலதுல. பெட்டிக்குள்ள ரெண்டுக்கும் நடுவுல டயோடு இருந்துச்சு, அதனால இடதுல வந்த கரண்ட் வலதுக்குத் திரும்பிப் போகாது. இப்ப டேப்புக்குள்ள செம்பும் செம்பும் தொட்டுக்கிட்டு இருக்கு. டயோடு போச்சு, பாலம் வந்துச்சு. ரெண்டு பல்பு எடுக்க வேண்டிய கரண்ட்டை நாலு எடுக்கறதால ஃப்ளாஷரும் குழம்பி வேகம் மாறுது.

இப்பவே பிரிச்சுத் தனித்தனியா விட்டா சரியாயிரும். ஆனா அப்படியே விடாதீங்க. ஹெட்லைட்டைக் கழட்டுங்க, பக்கத்துக்கு ஒரு போல்ட். உள்ள ஆரஞ்சு ஒயர்லயும் வெளிர்நீல ஒயர்லயும் மஞ்சள் சுத்தியிருக்கும். அங்கேயே எடுத்து ரப்பர் டேப். ஹெட்லைட்டைத் திரும்ப உள்ள தள்ளும்போது ஒயர் நசுங்காமப் பாருங்க, புதுசா ஷார்ட் வர்றது பெரும்பாலும் அங்கதான்.

பன்னிரண்டு வோல்ட்

அதோட மூணு சோதனை பாக்கி. ஐடிலிங்ல ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நாலஞ்சு தடவை திருப்புங்க, ஒயர் கட்டைக் கையால அசைச்சுப் பாருங்க. எஞ்சின் தடுமாறுனா ஒட்டு ஒண்ணு சரியில்ல. அடுத்து எஞ்சினை முறுக்கி வச்சு பேட்டரி டெர்மினல்ல அளங்க, 13.5ல இருந்து 14.8க்குள்ள நிக்கணும். 13க்கு மேல ஏறலன்னா சார்ஜிங் கோளாறு தனியா இருக்கு, அலாரத்தைப் பழி சொல்லிக்கிட்டு இருந்திருப்போம். 15ஐத் தாண்டுனா ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்துறது) கோளாறு. மூணாவது, லீக்கேஜை மறுபடி அளங்க.

இன்சூரன்ஸ் பாலிசியைப் புரட்டி, திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தள்ளுபடின்னு வரி இருக்கான்னு பாத்துக்கிருங்க. அது ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதிச்சுச் சான்று குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் உள்ள கருவிக்குத்தான் குடுப்பாங்க, பேரில்லாத பெட்டிக்கு இருக்காது. ஒருவேளை இருந்தா கழட்டுனதைச் சொல்லிருங்க.

சும்மா இருப்போம்

அலாரமும் போச்சு, இனி ராத்திரி வண்டிக்கு யார் காவல்?

ஈயப்பொட்டு

ஹேண்டில் லாக், முன் டிஸ்க்ல ஒரு டிஸ்க் லாக், பின் சக்கரத்தோட சேர்த்து அசையாத ஒண்ணுல சங்கிலி. டிஸ்க் லாக்குல ஒரு சிவப்புக் கயிறு கட்டி ஹேண்டில்ல மாட்டிக்கிருங்க, மறந்துட்டு வண்டியை எடுத்தா காலிபரும் டிஸ்க்கும் சேர்ந்து போகும். செட்டிநாட்டு வீட்டு முகப்புக்குள்ள ஏத்தி, தேக்குக் கதவைச் சாத்துறவங்களுக்கு இது எதுவுமே வேண்டாம்.

ரஸ்தா ரைடர்

ஹெட்லைட்டுக்குள்ள ரெண்டு மஞ்சளையும் எடுத்தாச்சு, இண்டிகேட்டர் சரியாயிருச்சு. ஹேண்டில் திருப்பிப் பார்த்ததுல தடுமாற்றம் இல்ல. சார்ஜிங் 14.2. லீக்கேஜ் 0.2 மில்லி ஆம்பியர். பேட்டரி சார்ஜ் போட்டு ராத்திரி வச்சதுல 12.5 நிக்குது, செல்ஃப் அமுக்கும்போது 9.9. இது தேறுமாண்ணே?

பன்னிரண்டு வோல்ட்

ஓட்டலாம். 12.6 வரலங்கிறதால முழுசாத் திரும்பலன்னு அர்த்தம், இந்த மழைக்காலம் தாண்டும். நாலு நாள் நிறுத்தி வச்சு இன்னொரு தடவை அளந்து போடுங்க. 12.4க்குக் கீழ இறங்குனா லாரி மேல போட்ட பழியை ஈயப்பொட்டு திரும்ப வாங்கிக்கணும்.

ஈயப்பொட்டு

வாங்கிக்கிறேன். சைரனை மட்டும் தூக்கிப் போட்றாதீங்க தம்பி, 12 வோல்ட் குடுத்தா தனியாவே கத்தும். தோட்டத்து மோட்டார் ரூம் கதவுக்கு ஆகும்.

ரஸ்தா ரைடர்

நாலு நாள் கழிச்சு: 12.42.